சுமக்கும் கைகள்



கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்தனர். கூட்டம் வழிவிடவில்லை. அவர்கள் கூரையைப் பிரித்து அவரை இயேசுவின் முன் இறக்கினர். சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையையும் ஆண்டவர் கண்டார்.

இரண்டு வயதாகியும் நடக்காத பிள்ளையை இடுப்பில் சுமக்கும் தாய்மார் நம் பங்குகளிலும் உண்டு. எந்த மருத்துவரிடம் காட்டுவது, எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாமல் அவர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். அவர்களுக்கு வழி திறப்பவரே மாற்றுத்திறனாளிகளுக்கான ஒருங்கிணைப்பாளர். அவர் முதலில் தாய் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறார். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை வரும் மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டச் செய்கிறார். மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தொடங்க உடன் செல்கிறார். அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கத் துணை நிற்கிறார். மூளை விரைந்து வளரும் முதல் ஆண்டுகளில் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்பே.

நாமோ, "யார் செய்த பாவமோ!" என்கிறோம். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே சில வீடுகளில் பிள்ளையை வெளியே கொண்டுவருவதில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் குறித்து சீடர்கள் இதையே கேட்டபோது, அவரும் காரணமல்ல, அவர் பெற்றோரும் காரணமல்ல என்று ஆண்டவர் தெளிவாக்கினார்.

ஒருங்கிணைப்பாளர் ஒருவரால் மட்டும் சுமக்க முடியாது. பயிற்சிக்குப் போகும் நாளில் அந்த வீட்டின் மூத்த பிள்ளையை நாம் பார்த்துக்கொள்வோம். ஆட்டோ கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வோம். திருப்பலியில் அந்தக் குழந்தை சத்தமிட்டால் திரும்பி முறைக்காதிருப்போம்.

படுக்கையின் ஒரு முனையைப் பிடிக்க இறைவன் நமக்கு வலிமை தருவாராக. ஆமென்.