விழுங்குதலும் குரலும் காப்போம்



தண்ணீர் இல்லாத துன்பத்தை அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், தண்ணீர் இருந்தும் விழுங்க இயலாதவர் படும் துன்பத்தை நம்மில் பலர் அறியோம்.

தொண்டையில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் அருகருகே உள்ளன. விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து மூடி மூச்சுவழியைக் காக்கிறது. பக்கவாதம் கண்டவருக்கு இக்காவல் தளரக்கூடும். அப்போது அன்போடு ஊற்றும் ஒரு வாய் நீரும் நுரையீரலில் இறங்கிச் சளிக்காய்ச்சலை விளைவிக்கும், உயிருக்கே தீங்காகும்.

ஆகவே, வாய் கோணிக் கை சோர்ந்தவருக்கு எதுவும் புகட்டாது, உடனே 108 வண்டியை அழையுங்கள். வீடு திரும்பிய பின், உண்ணும்போது இருமலோ, உண்டபின் ஈரக் கரகரப்புக் குரலோ தோன்றினால் பேச்சுச் சிகிச்சையாளரை நாடுங்கள். அவர் பேச்சை மட்டுமன்றி விழுங்குதலையும் பயிற்றுபவர். உணவின் பதம், வாயளவு, அமரும் நிலை ஆகியவற்றை ஆளுக்கேற்ப ஆய்ந்து கூறுவார். இத்துறைக்கென மைசூரில் 1965-இல் அகில இந்திய நிறுவனம் தொடங்கப்பெற்றது. நோயாளியை நிமிர்த்தி அமர்த்தியே உணவூட்டுங்கள். உண்டபின் அரைமணி நேரம் படுக்க விடாதீர்கள்.

மூன்று வாரம் கடந்தும் குரல் கம்மியிருப்பின் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். புகையிலைப் பழக்கமுள்ளோர் சிறிதும் தாமதித்தல் ஆகாது. தொண்டைப் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.

உறுப்பினர்களே! உங்கள் ஊரில் பக்கவாதத்தால் படுத்திருப்போர் யாவர் எனக் கணக்கெடுங்கள். அவர்தம் பெயர்களைக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் அளியுங்கள். விருதுநகரில் 2022-இல் திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி நமக்கு அணித்தே உள்ளது. பருவத்தே பயிர் செய்யும் நாம், நோய்க்கும் பருவத்தே மருத்துவம் செய்வோமாக!