தசபுஷ்பமும் கேமராவும்

(சபையின் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரை)



அபூர்வமான செடிகளைப் படமெடுக்கும் என் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அபூர்வம் என்றதும் எல்லோருக்கும் அகஸ்தியர் மலையும் மூணாறும்தான் நினைவுக்கு வருகின்றன. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி மூணாறில் 2018-ல் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030-ல். அதுவரை கேமராவை உறையில் போட்டு வைக்க வேண்டியதில்லை. நம் கோட்டுகால் வேலியோரங்களிலேயே வேண்டிய அளவு அதிசயம் இருக்கிறது.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணஸ்வாமி கோயிலில் உள்ள அம்மச்சிப் பிலாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதன் பொந்தில் மார்த்தாண்டவர்மா ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஐதீகம். ராஜாவைக் காத்த மரம் என்பதால் அதை இன்றும் காத்து வருகிறோம். எந்த ராஜாவையும் காக்காத சின்னச் செடிகளை யார் காப்பது?

தசபுஷ்பத்தையே எடுத்துக்கொள்வோம். தனுமாசத் திருவாதிரையில் பாதிராப்பூ சூட இது வேண்டும். கறுகை, விஷ்ணுகிராந்தி, முயல்செவியன், திருதாளி, செறூளை, நிலப்பனை, கையுண்ணி, பூவாங்குறுந்தல், முக்குற்றி, உழிஞ்ஞை. பத்துப் பெயரையும் மூச்சு விடாமல் சொல்லும் மாமிகள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பத்தும் கடையிலிருந்து ஒரே கட்டாக வந்தால், எது எந்தச் செடி என்று பிரித்துக் காட்ட எத்தனை பேரால் முடியும்? பெயர் மிஞ்சி, முகம் மறந்துகொண்டிருக்கிறது. என் கேமராவுக்கு வேலை அங்கேதான்.

முக்குற்றியைப் பாருங்கள். விரல் உயரத்தில் ஒரு குட்டித் தென்னை. உச்சியில் மஞ்சள் பூ. தொட்டால் இலை மடங்கிவிடும். ஆகவே படம் எடுத்து முடிக்கும் வரை கை படக்கூடாது. நிலப்பனையின் மஞ்சள் நட்சத்திரம் தரையை ஒட்டிப் பூக்கும். அதைப் பிடிக்க நாமும் தரையில் படுக்கத்தான் வேண்டும். விஷ்ணுகிராந்தியின் நீலப்பூ பிற்பகலில் சுருங்கிவிடும். காலையிலேயே போக வேண்டும். உழிஞ்ஞை வேறொன்றுமில்லை, தமிழ்நாட்டில் தோசைக்கு அரைக்கும் முடக்கத்தான். அதன் கறுப்பு விதையில் வெள்ளையாய் ஒரு இருதய வடிவம் இருக்கும். உருப்பெருக்கி வைத்து அதைக் காட்டினால் குழந்தைகள் கேமராவைத் திருப்பித் தர மாட்டார்கள்!

எரிசேரிக்குப் போடும் சேனையும் லேசுப்பட்டதல்ல. கோடை மழை விழுந்ததும், இலை வருவதற்கு முன்பே, மண்ணிலிருந்து பெரிய ஊதாநிறப் பூங்கொத்து ஒன்று கிளம்பும். முதல் நாள் அதில் பெண்பூக்கள் தயாராகி, அழுகிய நாற்றம் வீசி வண்டுகளை அழைக்கும். மறுநாள்தான் ஆண்பூக்கள் மகரந்தம் உதிர்க்கும். தன் மகரந்தம் தனக்கே சேராதிருக்க இந்த ஏற்பாடு. அபசகுனம் என்று வெட்டி எறியாமல், மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு நாளும் படமெடுங்கள்.

இந்தப் படங்களால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். திருதாளி என்ற ஒரே பெயரில் வேறு வேறு கொடிகளைக் காட்டுகிறார்கள். பெயரை மட்டும் நம்பி மருந்து அரைப்பது ஆபத்து. இதை 17-ம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தார்கள். கொச்சியிலிருந்த டச்சு கவர்னர் வான் ரீட் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற நூலைத் தொகுத்தபோது, இட்டி அச்சுதன் வைத்தியர் செடிகளைச் சொன்னார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி பிராம்மணர்களும் உதவினார்கள். ஒவ்வொரு செடிக்கும் சித்திரம் வரையப்பட்டு, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்கள் வெளிவந்தன. பேராசிரியர் கே.எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-ல் வெளியிட்டது. அவர் அந்தச் செடிகளைத் தேடி மறுபடி அடையாளம் காண முடிந்ததற்கு, சித்திரங்கள் இருந்ததும் ஒரு முக்கிய காரணம்.

ஆகவே பூவை மட்டும் எடுத்தால் போதாது. முழுச்செடி, இலையின் முன்புறம், பின்புறம், தண்டு, காய் எல்லாம் வேண்டும். அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயம். தேதியும் இடமும், அகத்துப் பெரியவர்கள் சொல்லும் பெயரும் குறித்து வையுங்கள். படத்துக்காகச் செடியைப் பிடுங்காதீர்கள். காட்டில் அபூர்வ ஆர்க்கிட் கண்டால் இடத்தை ஊரறியச் சொல்லாதீர்கள். மறுநாள் அது அங்கே இருக்காது.

விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நம் பக்கமும் வீடுகளும் சாலைகளும் பெருகுகின்றன. நல்லதுதான். ஆனால் உயிர்வேலி மதிலாகும்போது முக்குற்றிக்கு இடமில்லை. படம் செடிக்கு ஈடாகாது. எது போகிறது என்று தெரிந்தால்தானே, ஒரு முழம் மண்ணையாவது விட்டு வைக்கத் தோன்றும்?

என் வேண்டுகோள் ஒன்றே. வரும் திருவாதிரைக்குள் தசபுஷ்பம் பத்தையும் நம் தொடிகளிலேயே தேடிப் படமெடுப்போம். கண்டுபிடிப்பது மாமிகள், செல்போனில் எடுப்பது பேரக்குழந்தைகள். கிடைக்காதவற்றையும் எழுதி வைப்போம். அந்த ஆல்பம் சபையில் இருக்கட்டும்.