கொடியைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்



அடையாள அட்டை, சம்பளம், வீட்டுப் பிரச்சினை என்று பேசுகிற இடத்தில் இன்று கொடிகளைப் பற்றிப் பேச என்னை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். நீங்கள் வேலை முடிந்து களைப்போடு வந்திருக்கிறீர்கள், அதனால் நீட்டி முழக்க மாட்டேன். அறியாத கொடியைப் பார்த்து எந்த நாட்டுடையது என்று கண்டுபிடிப்பது, பிறகு சொந்தமாக ஒரு கொடி வரைந்து பார்ப்பது: இது நம் பிள்ளைகளுக்கு ஏற்ற பொழுதுபோக்கு. ஒரு பென்சில், ஐந்தாறு வண்ணம், பழைய பள்ளி நோட்டில் மிச்சமுள்ள பக்கங்கள். அவ்வளவுதான் முதலீடு.

உங்களில் சிலர் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்கிறீர்கள், லோரி ஓட்டுகிறீர்கள். கப்பலின் பின்பக்கம் பறக்கும் கொடியைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் கொடி அது. சிவப்பு வெள்ளைக் கோடுகள், மூலையில் நீலச் சதுரம் என்றால் உடனே அமெரிக்கா என்று சொல்லிவிடுவோம். அவசரப்படாமல் நட்சத்திரத்தை எண்ணுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் அது ஆப்பிரிக்காவில் இருக்கும் லைபீரியா. நான்கு கட்டமாகப் பிரித்து, வெள்ளைக் கட்டங்களில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என நட்சத்திரம் இருந்தால் பனாமா. நீலத்தின் குறுக்கே ஆரஞ்சும் வெள்ளையும் சாய்வாக விரிந்து போனால் மார்ஷல் தீவுகள். உலகக் கப்பல் பதிவில் முன்னணியில் நிற்பவை இந்த மூன்றும்தான். முதலாளி ஒரு நாடு, மாலுமி ஒரு நாடு, கொடி மூன்றாவது நாடு. வரி குறைவு, செலவு குறைவு, தொழிலாளிக்கான கட்டுப்பாடும் குறைவு. ஒரு பிள்ளை கொடியை அடையாளம் கண்டுவிட்டு, "இவ்வளவு சின்ன நாட்டுக்கு ஏன்ப்பா இவ்வளவு கப்பல்?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பாட்டாளிக்குத்தான் தெரியும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதலில் வடிவத்தைப் பாருங்கள். நேப்பாளத்தின் கொடி மட்டும்தான் நான்கு மூலை இல்லாத தேசியக் கொடி. அடுத்து, கோடு படுத்திருக்கிறதா, நிற்கிறதா, சிலுவையா, முக்கோணமா என்று பாருங்கள். கொடிக்கம்பத்தின் பக்கம் தள்ளிய சிலுவை என்றால் பெரும்பாலும் டென்மார்க், நோர்வே, சுவீடன் பக்கம். பச்சை மஞ்சள் சிவப்பு சேர்ந்து வந்தால் ஆப்பிரிக்காவைத் தேடுங்கள். எத்தியோப்பியாவின் வண்ணங்களை விடுதலை அடைந்த பல நாடுகள் எடுத்துக்கொண்டன. கறுப்பு வெள்ளை பச்சை சிவப்பு என்றால் அரபு நாடுகள். பாலஸ்தீனக் கொடி நம் பிள்ளைகளுக்கே தெரியும், ஜோர்டானை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு நட்சத்திரம்தான் வித்தியாசம்.

வரிசையையும் விடாதீர்கள். மேலே சிவப்பு கீழே வெள்ளை இந்தோனேசியா, தலைகீழானால் போலந்து. 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் கையேட்டில் இந்தோனேசியக் கொடியைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள். அண்டை நாடு கொதித்தது, நம் அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். பெரிய பெரிய அதிகாரிகள் கோட்டைவிட்ட இடம் அது. பயிற்சி உள்ள பத்து வயதுப் பிள்ளை ஒரு பார்வையில் பிடித்திருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொடியை யார் வரைகிறார்கள்? ராஜாவா, மந்திரியா? நம் நாட்டுக் கொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949இல் மலாயாக் கூட்டரசுக்குக் கொடி வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். 373 படைப்புகள் வந்தன. மூன்றைப் பொறுக்கி எடுத்து மலாய் மெயில் பத்திரிகை வழியாக மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஜொகூரில் பொதுப்பணித் துறையில் வேலை செய்த முகமது ஹம்சா என்பவர் வரைந்தது தேர்வானது.  சில மாற்றங்களோடு 1950 மே 26ஆம் நாள் அது ஏற்றப்பட்டது. அன்று 11 கோடு, 1963இல் 14 கோடு. 'ஜாலூர் கெமிலாங்' என்ற பெயர் 1997இல்தான் வந்தது.

அந்த 14 கோடுகளில் மலாய்க்காரர் கோடு எது, சீனர் கோடு எது, நம் கோடு எது என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? அப்படி எதுவும் இல்லை. கோடுகள் 13 மாநிலங்களையும் கூட்டரசையும் குறிக்கின்றன, எல்லாம் ஒரே அகலம். நீலம் மக்களின் ஒற்றுமை. கொடி சொல்வது அது. நடைமுறை அப்படி இருக்கிறதா என்பது நாம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

இதோடு இலங்கைக் கொடியை வைத்துப் பாருங்கள். 1948இல் விடுதலையின்போது சிங்கக் கொடி. சிறுபான்மையினர் எங்கே என்று கேள்வி எழுந்து குழு போட்டு, 1951இல் இரண்டு கோடுகளைச் சேர்த்தார்கள். காவி நிறம் தமிழருக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. ஆனால் எங்கே சேர்த்தார்கள்? சிங்கம் நிற்கும் சிவப்புக் கட்டத்துக்கு வெளியே, கம்பத்தின் ஓரமாக, நடுவே மஞ்சள் கரை கட்டி. வாளேந்திய சிங்கம் அந்தக் கோடுகளைப் பார்த்தபடி நிற்கிறது. குழுவிலிருந்த செனட்டர் நடேசன் அப்போதே உடன்படவில்லை. "இடம் கொடுத்துவிட்டோமே" என்று ஒரு தரப்பும், "எந்த இடத்தைக் கொடுத்தீர்கள்" என்று இன்னொரு தரப்பும் பேசிய பேச்சு முழுவதும் அந்தத் துணியில் இருக்கிறது. இதைத்தான் கொடியைப் படிப்பது என்கிறேன். சேர்த்தார்களா என்று மட்டும் பார்த்தால் போதாது, எங்கே வைத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

பாப்புவா நியூ கினியில் ஆஸ்திரேலிய ஆட்சி அலுவலகத்தில் ஒருவர் நீலம் மஞ்சள் பச்சை என்று ஒரு கொடி வரைந்து கொடுத்தார். ஊர் மக்களுக்குப் பிடிக்கவில்லை. சூசன் கரிக்கே என்ற 15 வயதுப் பள்ளி மாணவி வேறொன்று வரைந்தார். குறுக்கே வெட்டிய சிவப்பும் கறுப்பும், சிவப்பில் சொர்க்கப் பறவை, கறுப்பில் தென்சிலுவை நட்சத்திரங்கள். 1971இல் அதுவே கொடியானது, இன்றும் அதுதான் பறக்கிறது. அவர் 2017இல் காலமானார்.

கயானா நம்மைப் போலவே தோட்டத்துக்கு இந்தியர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன நாடு. அங்கே கரும்புத் தோட்டத் தொழிலாளியின் மகனான செட்டி ஜெகன் தலைவராக இருந்தபோது, 1960இல் விட்னி ஸ்மித் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு கொடியை வரைந்து அனுப்பினார். அவருக்குக் கொடி ஆசை மட்டும்தான் தகுதி. 1966இல் விடுதலை நாளன்று, சில மாற்றங்களோடு அந்தக் கொடிதான் ஏறியது. நாடே இல்லாதவர்களுக்கும் கொடி உண்டு. ஐரோப்பாவின் ரோமா மக்கள் 1971இல் லண்டன் அருகே கூடியபோது நீலம், பச்சை, நடுவே சிவப்புச் சக்கரம் என்று ஒரு கொடியை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களின் முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். அந்தச் சக்கரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

சரி, பிள்ளைகளே, நீங்கள் வரைய வேண்டும். எதை வரைவது? உங்கள் அடுக்குமாடிக்கு வரையலாம், காற்பந்துக் குழுவுக்கு வரையலாம். நான் கேட்பது வேறு. உங்கள் தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்துக்கு ஒரு கொடி வரையுங்கள். பல தோட்டங்கள் இன்று இல்லை. வீடமைப்புத் திட்டமாகவும் நெடுஞ்சாலையாகவும் மாறிவிட்டன. அதனால் முதலில் வீட்டில் கேட்க வேண்டும். பால் வாளியா, மங்கா, உளியா? விடியுமுன் பெரட்டுக்குக் கூப்பிட்ட மணியா? காளி கோயில் மரமா? பாட்டி ஒன்று சொல்வார், தாத்தா அதெல்லாம் இல்லை என்பார். அந்தச் சண்டையை நடக்கவிடுங்கள், குறுக்கே போகாதீர்கள். நிறத்துக்கும் சண்டை வரும். செம்மண் நிறம் என்பார் ஒருவர், நிரை நிரையாக நின்ற மரத்தின் பச்சை என்பார் மற்றவர்.

வரையும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு மூன்று வண்ணம் போதும். எழுத்து வேண்டாம், காற்றில் ஆடும் துணியில் யாராலும் வாசிக்க முடியாது, பின்பக்கம் பார்த்தால் தலைகீழ் எழுத்தாகிவிடும். எல்லாவற்றையும் திணிக்காதீர்கள், வாளியும் உளியும் மணியும் கோயிலும் சேர்ந்தால் அது சந்தைக் கூடை. வரைந்த பிறகு தம்பியிடம் ஒரு நிமிடம் காட்டி, தாளை மறைத்துவிட்டு நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். அவனால் முடிந்தால் கொடி தேறிவிட்டது.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. நோட்டில் எந்த நாட்டுக் கொடியையும் வரையலாம், அதில் தவறில்லை. ஆனால் அயல்நாட்டுக் கொடியைச் சன்னலிலோ மோட்டார் சைக்கிளிலோ கட்டிவிட வேண்டாம். பொது இடத்தில் தேசியச் சின்னங்களைக் காட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1949இலிருந்தே இங்கே இருக்கிறது. நம் நாட்டுக் கொடியை வரைந்தால் கோட்டையும் நட்சத்திர முனையையும் எண்ணி வரையச் சொல்லுங்கள், இரண்டும் 14. பிறையை மறக்கக் கூடாது.

அந்தப் பக்க மேசையில் தாளும் வண்ணப் பென்சிலும் வைத்திருக்கிறோம். பெரியவர்கள் பிள்ளைகளின் பக்கத்தில் உட்காருங்கள். வரைந்து முடித்ததும் தாளின் பின்னால் தோட்டத்தின் பெயர், அது எந்த மாநிலம், கதை சொன்ன தாத்தா அல்லது பாட்டியின் பெயர், வரைந்த பிள்ளையின் பெயர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். தேநீர் அதற்கப்புறம்தான்.