பழைய வண்டிகளும் மின்கம்பிப் பழுதுகளும்



மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் மலைச்சாலையில் மாட்டுப்பட்டி இருக்கின்றது. அங்குள்ள அணையும், 1960களில் சுவிட்சர்லாந்து நாட்டின் உதவியுடன் தோன்றிய கால்நடைப் பண்ணையும் அவ்வூருக்குப் புகழ் தந்தவை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்கள். நம்மில் பலர்க்கு அங்கே உற்றார் உறவினர் உண்டு.

அம்மலைகளில் மக்களைச் சுமந்து செல்பவை பெரும்பாலும் ஜீப்புகளே. அவற்றுள் பல, இரண்டு மூன்று கை மாறியவை. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களும் இத்தகைய வண்டிகளில்தான் நாள்தோறும் ஏறி இறங்குகின்றனர். தில்லி போன்ற நகரங்களில் பழைய வண்டிகளுக்கு ஏற்பட்ட கட்டுப்பாடுகளின் காரணமாக, அங்கே விலைபோன கார்களும் வேறு மாநிலங்களுக்குச் செல்கின்றன. ஆகவே, பழைய வண்டியை விற்பவர் ஒரு மூலையிலும், அதில் ஏறுபவர் மற்றொரு மூலையிலும் இருப்பது இக்காலத்தின் இயல்பு. இவ்விருவர்க்கும் இடையே கண்ணுக்குத் தெரியாமல் கைமாறும் ஒரு பொருளைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம். அதுதான் வண்டிக்குள் ஓடும் மின்கம்பி.

"வீட்டு மின்சாரம் 230 வோல்ட், வண்டி மின்சாரமோ வெறும் 12 வோல்ட். இது என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர் பலர். தொட்டால் அதிர்ச்சி இராது என்பது மெய்யே. ஆயினும், அதிர்ச்சி வேறு, வெப்பம் வேறு. மாட்டுப்பட்டி அணையையே எடுத்துக்கொள்வோம். நீர் நிற்கும் உயரம் வோல்ட் போன்றது. குழாய் வழியே பாயும் நீரின் அளவு ஆம்பியர் போன்றது. உயரம் குறைவாயினும் குழாய் அகலமாயின் வெள்ளம் பெருகும். வண்டியின் பேட்டரி அத்தகையது. ஸ்டார்ட்டரைச் சுழற்றும் சில நொடிகளில் 100 ஆம்பியருக்கு மேலும் கொடுக்க வல்லது. அந்த ஓட்டம் மெல்லிய கம்பி ஒன்றில் தவறி நுழையுமானால், கம்பி சிவக்கும், மேலுறை எரியும், அருகிலுள்ள பெட்ரோல் குழாய்க்குத் தீ தாவும்.

இதனைத் தடுக்கவே ஃபியூஸ் என்னும் உருகுகம்பி வைக்கப்பட்டுள்ளது. கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால், தான் முதலில் உருகி அறுந்து, மற்றக் கம்பிகளைக் காப்பதே அதன் கடமை. ஃபியூஸ் போவது பழுதன்று. பழுது வேறெங்கோ இருக்கின்றது என்னும் அறிவிப்பு. ஆனால் நடைமுறையில் நாம் காண்பது என்ன? அம்மலைப்பகுதியில் நிறுத்தியிருந்த ஜீப் ஒன்றின் ஃபியூஸ் பெட்டியை ஒருமுறை பார்க்க நேர்ந்தது. நான்கு இடங்களில் இரண்டில் முறுக்கிய செம்புக் கம்பி. மற்றொன்றில் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாள். "அடிக்கடி போகிறது சார், இப்போது போவதே இல்லை" என்றார் ஓட்டுநர், சற்றே பெருமையுடன். குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடன் வரவில்லை என்று மகிழ்வதை ஒத்தது இது. அவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. சவாரி காத்திருக்கின்றது, மாலைக்குள் மலையிறங்க வேண்டும், முறையான பழுதுபார்ப்புக்கு ஒருநாள் கூலி போய்விடும். 'இப்போதைக்கு' என்று செய்ததே என்றைக்குமாக நிலைத்துவிடுகின்றது.

இன்னொரு வழக்கத்தையும் கருதுக. மலையில் மூடுபனி மிகுதி. ஆதலால் விளக்கின் ஒளி போதவில்லை என்று பெரிய பல்புகளை மாட்டுகின்றனர். 60 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் ஏறத்தாழ 10 ஆம்பியர் ஓடும். 100 வாட் பல்புகள் இரண்டாயின் ஏறத்தாழ 17 ஆம்பியர். கம்பியில் பிறக்கும் வெப்பமோ ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. ஆகவே அதே கம்பியில் சூடு ஏறக்குறைய மூன்று மடங்காகின்றது. பழைய வண்டிகள் பலவற்றில் இவ்வோட்டம் முழுவதும் விளக்குச் சுவிட்சின் வழியே செல்வது. சுவிட்சு கருகும், ஃபியூஸ் போகும், பின்னர் செம்புக் கம்பி வரும். ஒரு தவறு மற்றொன்றை அழைத்துவரும் முறை இதுவே.

2023 பிப்ரவரி 2ஆம் நாள் கண்ணூரில், மருத்துவமனைக்குச் சென்றுகொண்டிருந்த கார் ஒன்று தீப்பற்றியது. முன்னிருக்கைகளில் இருந்த கர்ப்பிணியும் அவர் கணவரும் உயிரிழந்தனர். பின்னால் இருந்தோர் தப்பினர். மின்கோளாறு காரணமாகலாம் என்று அப்போது ஐயுறப்பட்டது. அது பழைய வண்டியன்று. எனினும், வண்டியில் தீ மூண்டபின் கிடைக்கும் காலம் எத்துணைக் குறைவு என்பதற்கு அது சான்று. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

பழைய வண்டி வாங்குவோர் பெயிண்டின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன், ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்ப்பார்களாக. குறித்த ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸ்களே அங்கு இருத்தல் வேண்டும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் உண்டா, இரும்புத் தகட்டைத் துளைத்துச் செல்லும் கம்பிக்கு ரப்பர் வளையம் உண்டா, எர்த் கம்பி பொருந்தும் இடம் துருப்பிடித்துள்ளதா, எலி கடித்த தடம் உண்டா என நோக்குக. புதிய விளக்கோ பாட்டுப் பெட்டியோ வேண்டுமாயின், அதற்குரிய பருமனுள்ள தனிக்கம்பியைப் பேட்டரியிலிருந்து எடுத்து, பேட்டரிக்கு அருகிலேயே தனி ஃபியூஸ் வைக்கச் சொல்லுக. பெருவிளக்குகளுக்கு ரிலே இன்றியமையாதது. கம்பியில் கைவைக்குமுன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட வேண்டும். ரப்பர் கருகும் நாற்றம் வந்தால், வண்டியை நிறுத்திச் சாவியை அணைத்து, முதலில் ஆட்களை இறக்குக. புகை வரும்போது முன்மூடியை அகலத் திறத்தலாகாது. காற்றுப் புகுந்து தீ வளரும்.

சட்டம் இதைக் காக்காதா எனலாம். சட்ட வாசகங்களைத் தமிழாக்குவதே தொழிலாகக் கொண்ட நாம் அறிந்தவரையில், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றியமைத்தலைத் தடுக்கின்றது. ஆயின், டாஷ்போர்டுக்கு அடியில் முறுக்கிய செம்புக் கம்பி எந்தச் சான்றிதழிலும் ஏறுவதில்லை. தனியார் காரின் பதிவுக்கு 15 ஆண்டுகள் கழிந்தபின்னரே புதுப்பிக்கும் ஆய்வு வருகின்றது. இடைப்பட்ட காலத்தில் அக்கம்பியை அறிந்தவர் இருவரே: பழுதுபார்த்தவரும், உடையவரும்.

ஆதலால், வெளியூரிலிருந்து வண்டியை விற்கும் அன்பர்கள், அதன் மின்கம்பிகளில் செய்த மாறுதல்களை ஒரு தாளில் எழுதி வாங்குபவரிடம் கொடுப்பார்களாக. ஊரிலுள்ள தம்பிக்கோ மைத்துனருக்கோ வண்டி வாங்கப் பணம் அனுப்புவோர், நல்ல எலக்ட்ரீஷியனின் ஒருநாள் கூலியையும் அதனுடன் சேர்த்தே அனுப்புவார்களாக. ஒரு ஃபியூஸின் விலை சில ரூபாய்தான். கொழுந்து பறிக்கவும் ஏலக்காய் எடுக்கவும் விடியலில் அவ்வண்டியில் ஏறும் பெண்கள் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கப் போவதில்லை. நம்மை நம்பியே ஏறுகின்றனர்.