பனமலைக்கு வந்த விருந்தினர்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வெளிநாட்டு மாணவர்கள் வந்தால் நம் ஊரின் தொன்மைச் சின்னங்களை அவர்களுக்கு எப்படிக் காட்டுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கு அப்படி ஒரே ஒரு முறைதான் வந்தார்கள். பிரான்சிலிருந்து வந்து புதுச்சேரியில் தங்கியிருந்த பன்னிரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் ஒரு பகல் முழுக்க எங்களோடு இருந்தார்கள். அதனால் அனுபவசாலி பேசுவதாக நினைக்க வேண்டாம். அன்றைக்கு நான் செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

பனமலை உங்களில் பலருக்குத் தெரிந்த ஊர்தான். மலைமேல் தாளகிரீசுவரர் கோயில், கீழே ஏரி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே பல்லவ மன்னன். சுவரின் அடிப்பகுதியில் கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு ஓடுகிறது. வடபுறச் சிற்றாலயத்தில் பார்வதியின் ஓவியம் இருக்கிறது. அஜந்தாவைத் தேடிப்போகிறவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கும் இதைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

விருந்தினர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே ஏற்பாட்டில் இறங்கினோம். ஆங்கிலம் நன்றாகப் பேசக்கூடிய நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். வரவேற்பு நடனம், மாலை, பொட்டு எல்லாம் உண்டு. நடனப் பயிற்சிக்கே நான்கு பிற்பகல்கள் போயின. ஓவியத்தின் முன்னால் மாணவர்களை நிறுத்தி ஒரு முறையாவது பார்க்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று படியேறி முடித்ததும் நான்கு பேரும் ஒப்பித்தார்கள். தவறே இல்லை. விருந்தினர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒரு பையன் கொட்டாவியை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே வந்தது.

பிறகு வடபுறம் போனோம். ஓவியம் இருக்கும் இடம் குறுகலானது, நான்கைந்து பேராகத்தான் பார்க்க முடியும். பிளாஷ் போட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். பார்வதி ஒரு காலை மடித்து நிற்கிறாள். தலையில் மகுடம், மேலே குடை, உடலில் கோலம் போட்ட துணி. முகம் சற்றே சாய்ந்திருக்கிறது. விருந்தினரில் ஒரு பெண் கேட்டாள்: "இவள் எதைப் பார்க்கிறாள்?"

நான் எழுதிக் கொடுத்த பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. ஒப்பித்த நால்வரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறப்பதற்குள், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பக்கத்துச் சுவரைக் காட்டி, "டான்ஸ்... சிவன் டான்ஸ்" என்றாள். அங்கே வண்ணம் பெரும்பாலும் போய்விட்டது. ஆடும் சிவனின் கோடுகள் மங்கலாகத்தான் தெரியும். அவள் விரலைச் சுவரில் படாமல் தள்ளி வைத்து, இது கை, இது கை, இது கால் என்று காற்றிலேயே வரைந்து காட்டினாள். பிரெஞ்சுப் பெண்ணும் அதேபோல விரலை நீட்டினாள். இருவரும் கைகளை எண்ணத் தொடங்கினார்கள். ஆங்கிலம் இருவருக்குமே அயல்மொழி. "ஹேண்ட்", "நோ", "ஹியர்" என்ற மூன்று சொற்களில் கால்மணி நேரம் ஓடியது. அந்தக் கால்மணி நேரத்துக்கு நான் எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை.

இறங்கும்போது இன்னொன்று நடந்தது. மேலே கல்வெட்டைப் பார்த்த கொட்டாவிப் பையன், வழியில் ஒரு பாறையில் கீறியிருந்த எழுத்துகளைக் காட்டி, இதுவும் கல்வெட்டா, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். எங்கள் மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பெயர்கள், பத்தாம் வகுப்பு, எங்கள் பள்ளியின் பெயர், ஆண்டு. மொழிபெயர்க்காமல் நழுவிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மனப்பாடம் செய்த நால்வரில் ஒருவன் உள்ளதை அப்படியே சொல்லிவிட்டான். அந்தப் பையன் சிரிக்கவில்லை. தங்கள் ஊர்த் தேவாலயச் சுவரிலும் இப்படி உண்டு என்று மட்டும் சொன்னான்.

அந்த ஆண்டு பத்தாம் வகுப்பை மலைக்கு அழைத்துப்போன ஆசிரியர் நான்தான். மாணவர்களை மேலே அனுப்பிவிட்டு, கீழே மர நிழலில் உட்கார்ந்து மதிப்பெண் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை, இது மிக முக்கியம். மாலைச் சிற்றுண்டிக்கு ஒரு மாணவனின் அம்மா அண்டா நிறைய மல்லாட்டை அவித்து அனுப்பியிருந்தார். பரிமாறும் நேரத்தில் அவர்களுடைய ஆசிரியை ஓடிவந்து தடுத்தார். ஒரு மாணவனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. கொஞ்சம் உள்ளே போனாலே மூச்சுத் திணறும். முதல் மாதமே அனுப்பிய கடிதத்தில் அதை எழுதியிருந்தார்கள். நான் வரும் நேரம், போகும் நேரம் மட்டும் பார்த்துவிட்டுக் கடிதத்தைக் கோப்பில் போட்டிருந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் கடிதத்தைச் சமைப்பவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அருகில் எந்த ஆரம்ப சுகாதார நிலையம், அந்த நேரத்தில் மருத்துவர் இருப்பாரா என்றும் விசாரித்து வையுங்கள். சூடான பாறையில் வெறுங்காலோடு நடந்து பழகாதவர்கள் வருகிறார்கள் என்பதால் மலை ஏறுவதைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நேரம் இருந்தால் மண்டகப்பட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் இக்கோயிலை அமைத்தேன் என்று மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். நூறாண்டுக்கு முன் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய் இந்தப் பல்லவச் சின்னங்களை ஆராய்ந்து நூல்கள் எழுதியிருக்கிறார். வந்திருந்த மாணவர்களில் யாரும் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. நம்மிலும் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இப்போது எங்கள் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் ஆண்டுக்கு இரண்டு முறை மலைக்குப் போகிறது. நானும் மேலே ஏறுகிறேன். நான்கு நான்கு பேராக, குறிப்பேடு இல்லாமல், பத்து நிமிடம் பார்த்துவிட்டு வரவேண்டும். எழுதுவது பள்ளிக்குத் திரும்பிய பிறகுதான்.

சில மாதம் கழித்துப் பிரான்சிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே அந்தப் பெண் வரைந்த படம். பார்வதி வண்ணத்தில் இருந்தாள். பக்கத்தில் சிவன் புள்ளிக் கோடுகளாக, ஒரு கையின் அருகே கேள்விக்குறியோடு. எங்கள் மாணவர்கள் மறுபடி மேலே போய் எண்ணிவிட்டு வந்தார்கள். எட்டுக் கை என்று பெரும்பாலோர் சொன்னார்கள். தண்ணீர்க் குடம் தூக்கிவந்தவள் மட்டும், தன் கண்ணுக்கு ஆறுதான் தெரிகிறது என்று எழுதிப் பதில் அனுப்பினாள்.