கணினி மாறும்போது உரிமமும் மாறுமா?

புதுக் கணினியொன்று வந்து சேரும் நாள் மகிழ்ச்சிக்குரிய நாள். எனினும், ஓவியம் வரைவோர், புகைப்படம் திருத்துவோர், நூல்களுக்குப் பக்கம் அமைப்போர், இசை கோப்போர் ஆகியோருக்கு அந்நாள் சிறிது கலக்கத்தையும் தருகின்றது. பழைய கணினியிலுள்ள கோப்புகளைப் புதியதிற் சேர்ப்பது எளிது. அக்கோப்புகளை ஆக்கப் பயன்பட்ட மென்பொருளை அவ்வாறு எளிதிற் கொண்டுசெல்ல இயலாது. பணங் கொடுத்து வாங்கிய பொருளை ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு மாற்றுவதற்குத் தடை யாது என்று ஒருவர் வினவலாம். வாங்கியது பொருளன்று என்பதே அதற்கு விடை. வாங்கியது உரிமம், அஃதாவது, இன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம் என்னும் அனுமதி.

இது வெறும் சொல் வேறுபாடன்று. நீதிமன்றங்களும் இதனை ஆராய்ந்துள்ளன. அமெரிக்காவில் திமோதி வேர்னர் என்பவர், ஓட்டோகாட் என்னும் வரைபட மென்பொருளின் பழைய பிரதிகளை வாங்கி விற்க முயன்றார். அப்பிரதிகளை முதலில் பெற்றவர் உடைமையாளர் அல்லர், உரிமம் பெற்றவரே. ஆதலின், அவரிடமிருந்து வாங்கியவரும் விற்க இயலாது என 2010 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 2012 இல் ஐரோப்பிய நீதிமன்றமோ, ஒராக்கிள் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில், காலவரையறையின்றிப் பெற்ற உரிமத்தை மற்றொருவருக்கு விற்கலாம் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும், விற்பவர் தம் கணினியிலுள்ள பிரதியைப் பயனற்றதாக்கிவிடல் வேண்டும் என்றும் அது விதித்தது. ஓர் அனுமதி ஒரே வேளையில் ஈரிடத்தில் இருத்தலாகாது என்பதே இதன் உட்பொருள்.

இக்கொள்கையை நடைமுறைப்படுத்தும் முறைக்குச் செயலாக்கம் என்று பெயர். மென்பொருளை நிறுவியதும், அதன் தொடர் இலக்கமும் கணினியின் அடையாளமும் இணையத்தின் வழியாக நிறுவனத்தின் சேவையகத்துக்குச் செல்லும். இத்தனை கணினிகளில் இவ்வுரிமம் பயன்படுகின்றது என்று அச்சேவையகம் கணக்கு வைத்துக்கொள்ளும். அடோபி நிறுவனத்தின் உரிமம் பொதுவாக இரண்டு கணினிகளுக்கு இடமளிப்பது. ஆதலின், பழைய வன்தட்டிலிருந்து மென்பொருளின் கோப்புறையை முழுவதும் பிரதி செய்தாலும், வந்து சேர்வது உடல் மட்டுமே. அனுமதி பழைய கணினியின் பெயரிலேயே நிற்கும்.

இதனாலேயே, பழைய கணினி நல்ல நிலையில் இயங்கும்போதே அதிலுள்ள செயலாக்கத்தை நீக்கிவிடல் முதற் கடமையாகின்றது. பெரும்பாலான மென்பொருள்களின் உதவிப் பட்டியலிலோ கணக்குப் பக்கத்திலோ இதற்கு வழியுண்டு. இதனைச் செய்யாது கணினியை விற்றுவிட்டாலும், வன்தட்டுப் பழுதடைந்தாலும், சேவையகத்தின் கணக்கில் அக்கணினி தொடர்ந்து இடம்பிடித்திருக்கும். பின்னர், பற்றுச்சீட்டும் தொடர் இலக்கமும் காட்டி நிறுவனத்தினரிடம் முறையிட நேரும். பற்றுச்சீட்டும் இல்லாதார் நிலை மேலும் இரங்கத்தக்கது. சில இசை மென்பொருள்களில் அனுமதி ஒரு சிறு வன்பொருட் சாவியில் அடங்கியிருக்கும். அதனைக் கழற்றி மறு கணினியிற் செருகினாற் போதும். அது தொலைந்தாலோ அனுமதியும் அதனோடு போம்.

சேவையகமும் என்றென்றும் இருப்பதன்று. அடோபியின் கிரியேட்டிவ் சூட் இரண்டாம் பதிப்பு 2005 இல் வெளிவந்தது; அதன் செயலாக்கச் சேவையகம் 2012 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. முறையாக வாங்கியோருக்காகச் செயலாக்கம் வேண்டாத பிரதிகளை அந்நிறுவனமே பின்னர் வழங்கியது. எல்லா நிறுவனங்களும் அவ்வாறு வழங்கும் என்று எதிர்பார்த்தல் இயலாது. 2013 இல் அடோபி சந்தா முறைக்கு மாறியது. சந்தா முறையிற் கணினி மாற்றம் எளிது. பழையதில் வெளியேறிப் புதியதில் நுழைந்தாற் போதும். ஆனால், சந்தா நின்ற நாளில் மென்பொருளும் நின்றுவிடும். இயங்குதளமும் தடையாகலாம். 2019 இல் வெளிவந்த மெக் இயங்குதளமான கற்றலீனா, 32 பிட் மென்பொருள்களை ஏற்க மறுத்தது. உரிமம் செல்லுபடியாக இருந்தும் பழைய மென்பொருள்கள் பல அதில் இயங்கவில்லை.

மென்பொருளை இழப்பதினும் பெரிய இழப்பு, அதனால் ஆக்கிய படைப்பைத் திறக்க இயலாமற் போவதாகும். தமிழ் அச்சகங்கள் பலவற்றில் பல்லாண்டு காலம் பயன்பட்ட பேஜ்மேக்கரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1985 இல் தோன்றிய அம்மென்பொருளின் இறுதிப் பதிப்பு 2001 இல் வந்த ஏழாம் பதிப்பாகும். அதன் கோப்புகளை இன்டிசைன் மென்பொருளின் கிரியேட்டிவ் சூட் ஆறாம் பதிப்பு வரை திறக்க முடிந்தது. பின்வந்த பதிப்புகள் அவற்றைத் திறப்பதில்லை. மேலும், அக்கோப்புகளுட் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வரிகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றும். கோவில் மலரோ, ஊர் வரலாறோ, மறைந்த புலவர் ஒருவரின் கவிதைத் தொகுதியோ, அச்சுப்பிரதி அழிந்தபின் இத்தகைய கோப்பில் மட்டும் எஞ்சியிருக்குமாயின், அதன் நிலை என்னாகும்?

ஆதலின், கணினி மாற்றுவோர் உரிமத்தோடு அமையாது படைப்பையும் பேணல் வேண்டும். முடிந்த ஆக்கம் ஒவ்வொன்றையும் மூலக்கோப்போடு பொது வடிவமொன்றிலும் சேமித்தல் நன்று. நூற்பக்கங்களுக்குப் பீடீஎஃப் பொருந்தும். அது 2008 முதல் சர்வதேச நியமமாக உள்ளது. படங்களுக்கு டிஃப், பீஎன்ஜீ ஆகியனவும், கோட்டோவியங்களுக்கு எஸ்வீஜீயும் ஏற்றவை. தமிழ் உரையை ஒருங்குறிக்கு மாற்றித் தனியே வைத்தல் இன்றியமையாதது. எழுத்துருக்கள், தூரிகைகள், செருகுநிரல்கள், விருப்ப அமைப்புகள் ஆகியன மென்பொருளோடு தாமாக வாரா; அவற்றையும் தேடி எடுத்தல் வேண்டும்.

கட்டற்ற மென்பொருளை நாடுவோருக்கு உரிமம் மாற்றும் தொல்லை இல்லை. ஜிம்ப், இங்க்ஸ்கேப், பிளென்டர் ஆகியவற்றை எத்தனை கணினியிலும் நிறுவலாம். பிளென்டரின் மூலநிரலை விடுவிப்பதற்காக 2002 இல் அதன் பயனாளர் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்தனர். தம் படைப்புக் கருவி பிறர் கையிற் பூட்டுண்டு கிடத்தலாகாது என்னும் எண்ணமே அவர்களை அதற்குத் தூண்டியது.

எம்மென்பொருளைக் கையாள்வோராயினும், புதுக் கணினி வந்த அன்றே பழையதைத் துடைத்துவிடல் தகாது. சில வாரம் இரண்டையும் அருகருகே வைத்து, பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் புதியதில் திறந்து பார்த்தல் வேண்டும். எல்லாம் முறையாகத் திறந்தபின், செயலாக்கத்தை நீக்கிப் பழைய கணினிக்கு விடைகொடுக்கலாம்.