கதவு திறந்தது, கைபிடித்துச் செல்வார் யார்?



கோவிற்பட்டிக் கரிசலில் மழை பொய்த்தால் தீப்பெட்டித் தொழிலே உலையேற்றும். அவ்வெளிய வீட்டுப் பிள்ளைகட்கு இன்று கதவு திறந்துள்ளது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்குப் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காட்டு இடத்தைத் தமிழக அரசு 2021-இல் ஒதுக்கிக் கட்டணத்தையும் ஏற்றது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற பெண்கட்கும் கல்லூரியிற் பயிலத் திங்கள்தோறும் உருவா 1000 தரும் 'புதுமைப் பெண்' விரிவாக்கம், 2024 திசம்பர் 30-இல் தூத்துக்குடியிலேயே தொடங்கிற்று.

ஆயினும், கல்லூரி காணாப் பெற்றோர்க்குப் படிவமும் சான்றும் பெருமதில்கள். ஒரு சான்று பிந்தின் ஓராண்டு பாழ். மேடையில் தமிழ் முழங்கினாற் போதுமா? ஊர்க்கு இருவர் அப்பிள்ளைகளுடன் அமர்ந்து படிவம் நிரப்புக. வருவாய்ச் சான்றை முன்னரே பெற்றுத் தருக. தமிழ்வழி பயின்ற பிள்ளை கல்லூரி வாயிலினின்று திரும்புதல் தமிழுக்கே இழுக்கு!